காருக்கும் ஒரு பரஸ்தானம்

எங்கள் அப்பா கார் வாங்கினார் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், திரும்பும்போது கிளம்ப மறுத்த தன் பழைய இங்கிலீஷ் காரைப் பங்களா வாசலிலேயே விட்டுவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். அப்பா அவருக்கு ஆள் விட்டுப் பேசி முடித்தார். பிறகு ஒரு ஜோடி உழவு மாட்டைப் பூட்டி அதைத் தென்காசிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்து, காருக்கா மாட்டுக்கா என்று ஒரு நிமிஷம் யோசித்து, இரண்டுக்கும் பொதுவாகச் சுற்றி ஊற்றினாள். மாடு மிரண்டது. கார் ஒன்றும் செய்யவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு வேலை என்று தனியாக ஒன்று கிடையாது. குத்துக்கல்வலசைப் பக்கம் வயல் இருந்தது, அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். கார் வந்த பிறகு அவருக்கு வேலை வந்தது. தொழுவத்தில் கட்டியிருந்த பசுவைப் பின்பக்கம் மாற்றிக் கட்டிவிட்டு அங்கே காரை நிறுத்தினார். காலையில் குளித்து, விபூதி பூசி, பலகாரம் சாப்பிட்டு, ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி தொழுவத்துக்குப் போவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். மறுபடியும் போவார்.

ஓடவே ஓடாத கார் என்று சொன்னால் அது பாவம். பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாகவே ஓடும். ஆனியில் மலையிலிருந்து காற்று இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்ததும் படுத்துக்கொள்ளும். ஊரே சாரலைக் கண்டு சந்தோஷப்படுகிற மாதத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தர் மட்டும் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் தெரு கிழக்கே போய்த் திருநெல்வேலி ரோட்டில் சேரும். அந்த முக்கில் டீக்கடை. காலையில் திருநெல்வேலி போகிற பஸ் அங்கே நின்று டிரைவர் டீ குடிப்பார். அப்பாவைக் கண்டால் போதும், "என்ன அண்ணாச்சி, வண்டி எந்திரிச்சிட்டா?" என்று கேட்பார். காய்ச்சலில் கிடக்கிற ஆளை விசாரிக்கிற அதே குரல். ஒருநாள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிக்கும்வே. எந்திரிச்சு உம்ம பஸ்ஸை முந்தும். பாரும்!" என்றார். அன்றிலிருந்து அப்பா பஸ் ஏறுவதை விட்டுவிட்டார். கல்யாணம், சாவுத் துட்டி எதுவானாலும் ரயிலில் போவார், இல்லையென்றால் மாட்டு வண்டி. இரண்டும் இல்லாத ஊர்க்காரர்களோடு எங்களுக்குப் போக்குவரத்தே விட்டுப்போயிற்று.

இந்த நிலைமையில்தான் எனக்குக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க். பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு எழுதிப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தகப்பனாருடன் நேரில் வர வேண்டும், வராதவர்கள் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "கெடைச்சாப் படி. கெடைக்கலேன்னா ஆவணியில முடிச்சிருவோம். பண்பொழிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காக" என்றாள். பண்பொழி மாப்பிள்ளையின்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அப்பா அழைப்பை இரண்டு தடவை வாசித்தார். போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நம்ம வண்டியிலேயே போயிருவோம்" என்றார்.

நான் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன்.

அம்மா மெதுவாக, "முந்தின நாளே ரயிலேறிப் போயி, பாளையங்கோட்டையில யாரு வீட்லயாவது தங்கிட்டு..." என்று ஆரம்பித்தாள். அப்பா காரைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

கார் ரிப்பேரில் அப்பாவுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம். அன்றைக்குப் பெட்ரோல்மேல் சந்தேகம் என்றால் அன்று முழுக்கப் பெட்ரோல்தான், வேறு எதையும் தொட மாட்டார். ஒன்றைப் பார்த்துச் சரிசெய்துவிட்டால் அதன்மேல் அப்புறம் சந்தேகப்பட மாட்டார். "பாத்தாச்சுன்னா பாத்தாச்சு" என்பார். மனுஷர்கள் விஷயத்திலும் அவர் அப்படித்தான். அதனால் அவரை நிறையப் பேர் ஏமாற்றியிருக்கிறார்கள்.

அந்த வாரம் முதலில் பெட்ரோல். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி, ரசத்துக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நாக்கில் வைத்துப் பார்த்து, "தண்ணி கலந்திருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி, துணியில் வடிகட்டினார். மறுநாள் பிளக்குகள். அவற்றைக் கழற்றி எங்கள் தோசைக்கல்லில் வறுத்தார். அன்று ராத்திரி தோசையில் பெட்ரோல் வாடை அடித்தது. அம்மா வாயைத் திறக்கவில்லை, தோசையையும் தொடவில்லை. அதற்கடுத்த நாள் வயர்கள். மேல்துணி இற்றுப்போன வயர்களுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டிச் சுற்றினார். கார் அசையவில்லை.

கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கிற டப்பி அது. அதன் மூடியில் மயிரிழை போல ஒரு விரிசல், அதற்குள் சாரல் ஈரம் இறங்கியிருந்தது. வாரம் முழுக்கப் படுத்திய பாட்டுக்குக் காரணம் அதுதான். அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. உள்ளே போய், பிரசவித்தவர்களுக்குத் தலை காயப்போடுகிற சாம்பிராணிக் கூடையை எடுத்துவந்து, கங்கு போட்டு, மூடியை அதன்மேல் காய வைத்தார். விரிசலை அரக்கு உருக்கி அடைத்தார். "இனி யாராச்சும் பிள்ளை பெத்தா அந்தக் கூடையைக் கொண்டு போகவா?" என்று அம்மா கேட்டாள். "பெறட்டும், பாப்போம்" என்றார்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது என் அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். புருஷன் போன பிறகு எங்களோடு வந்து இருந்தாள். வீட்டில் பஞ்சாங்கம் அவள் இலாகா. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அப்பா செய்வதைப் பார்ப்பாள். அவர் கழற்றுகிற சாமான்களை வைக்க இடமில்லாமல் அவளுடைய சுளகிலேயே ஓர் ஓரமாக வைப்பார். அரிசி ஒரு பக்கம், காரின் உறுப்புகள் ஒரு பக்கம்.

"இது என்னலே, இத்துனூண்டு?" என்றாள் அத்தை. கட்டைவிரல் அளவில், தலையில் பித்தளைத் தகடு வைத்த ஒரு கறுப்புக் கட்டையை அவள் கையில் வைத்திருந்தாள்.

"அதுதான்க்கா ரோட்டார். பந்தியில பரிமாறுதவன் மாதிரி. சுத்திச் சுத்தி வந்து ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் போட்டுட்டுப் போகும்."

"இது இல்லேன்னா?"

"இது இல்லேன்னா மத்ததெல்லாம் இருந்தும் புண்ணியமில்ல. வண்டி வெறும் தகரம்."

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையோடு சுளகில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கிளம்பியது. முன்னால் ஹாண்டிலைச் செருகி ஒரே சுற்றுத்தான். தொழுவமே அதிர்ந்தது. பின்னால் பசு கயிற்றை இழுத்தது. அப்பா எங்களை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கே போனார். போகிற வழியெல்லாம் சாரல். வைப்பர் வேலை செய்யாததால் ஒரு கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். அருவிக்கரையில் இன்ஜினை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. "நீங்க போய்க் குளிங்க. நான் இதுகிட்ட இருக்கேன்" என்றார். நானும் அம்மாவும் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது கார் அப்படியே உறுமிக்கொண்டு நின்றது. அப்பா பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நாளைக்கு நான் போய்விடுவேன். பண்பொழிக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை பஞ்சாங்கத்தோடு காத்திருந்தாள்.

"திங்கக்கிழமை கிழக்க சூலம்லா. பாளையங்கோட்டை கிழக்கதான இருக்கு?"

"அதுக்காக ஊரத் தள்ளி வைக்கவாக்கா முடியும்?" என்றார் அப்பா. அன்று அவருக்குக் கோபமே வரவில்லை.

"தள்ள வேண்டாம். இன்னைக்கு நல்ல நேரத்துல பரஸ்தானம் வச்சிருவோம்."

ஆகாத நாளில் பயணம் போக நேர்ந்தால், முன்கூட்டியே ஒரு நல்ல நேரம் பார்த்து, போகிறவருடைய சாமான் ஒன்றைப் போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நேரத்திலேயே ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டால் போதும். இதுதான் பரஸ்தானம். அத்தை என்னுடைய புதுத் தாவணியில் மஞ்சளும் தேங்காயும் வைத்து மூட்டையாகக் கட்டி, தெருவின் கிழக்கு முக்கில் தனியாக இருந்த ஓர் ஆச்சி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். "நீ கெளம்பியாச்சுட்டி" என்றாள். அன்று சாயங்காலம், பாளையங்கோட்டைக்குக் கிளம்பிப் போய்விட்ட நான் வீட்டில் உட்கார்ந்து கூடுதலாகவே தோசை சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை அப்பா சலவை வேட்டி, சலவைச் சட்டை. நான் ரெட்டைச் சடை போட்டு, சர்ட்டிபிகேட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். அப்பா ஹாண்டிலைச் சுற்றினார். ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றினார். இருமல்கூட இல்லை.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

பெட்ரோலைப் பார்த்தார். வருகிறது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டார். வயர்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பாட்டரியைச் சுரண்டினார். பார்த்தாச்சுன்னா பார்த்தாச்சு என்கிற மனுஷன், பார்த்ததையெல்லாம் மறுபடியும் பார்த்தார். ஒன்றைத் தவிர. முழங்கை வரைக்கும் கறுப்பு. தொலைவில் காலை ரயில் ஊதிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

"டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கப்பா" என்றேன்.

"அதப் பாத்தாச்சு."

"மறுபடியும் பாருங்களேன்."

"நேத்து ஓடுச்சா இல்லையா? அதச் சரி பண்ணதுனாலதான ஓடுச்சு? அதுல என்ன வரப் போவுது?"

அம்மா வாசற்படியில் நின்று, "பஸ் இன்னும் போகலை" என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. அப்பா காதில் விழாத மாதிரி ஸ்பானரைத் தேடினார்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. காரைவிட்டு இறங்கிக் கதவை ஓங்கி அடித்தேன். "உங்களுக்கு என்னை அனுப்ப மனசில்லேன்னா நேராச் சொல்லிருங்கப்பா! எதுக்கு இந்தக் காரை நடுவுல போட்டு வச்சிருக்கீங்க? ஒரு வார்த்தை வேண்டாம்னு சொன்னா நான் கெடக்கேன்லா வீட்டுல? இப்பிடி நம்ப வச்சுக் கழுத்தறுக்கணுமா?"

எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. அடிபட்ட மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்பிடியாட்டி நெனைக்க?" என்று கேட்டார்.  அப்படித்தான் நினைத்தேன். ஒரு வாரமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி, வேறு எதையும் சொல்லாமல், டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே குனிந்து நின்றார்.

"ரோட்டாரைக் காணோம்."

"காணோம்னா?"

"இல்ல. இருந்த இடத்துல இல்ல."

மூடி ஒழுங்காகப் போட்டிருந்தது, கிளிப் ஒழுங்காக மாட்டியிருந்தது, உள்ளே இருந்தது மட்டும் இல்லை. எலி இழுத்திருக்கும் என்றாள் அம்மா. "கிளிப்பக் கழத்தி, எடுத்துட்டு, மறுபடி மாட்டிட்டா போகும் எலி?" என்றார் அப்பா. அப்போதுதான் பூஜையை முடித்துவிட்டு அத்தை வெளியே வந்தாள்.

"எதத் தேடுதிய?"

"ரோட்டாரக் காணோம்கா."

"அதுவா? அது நேத்தே போயாச்சே" என்றாள் அத்தை.

 பின்னால் பசு ஒரு தடவை கத்தியது.

"எங்க போயாச்சு?"

"பரஸ்தானத்துக்குத்தான். அவ தாவணிக்குள்ளயே வச்சுக் கட்டிட்டேன். பிள்ளை மட்டுமா போறா? வண்டியும்லா கிழக்க போவுது? அதுக்கும் சூலம் உண்டும்லா?"

அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார்.  "அதுக்கு ஒரு நட்டு, ஒரு போல்ட்டு எடுத்துட்டுப் போயிருக்கப்படாதா?"

"நீதானலே சொன்ன, அது இல்லேன்னா மத்தது இருந்தும் புண்ணியமில்லன்னு? ஆகாத சாமானையா பரஸ்தானம் வைப்பாக?"

"ஒனக்கு எப்பிடிக் கழத்தத் தெரியும்?"

"என்ன பெரிய வித்தை? ரெண்டு கிளிப்பு. தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்." பிறகு கொஞ்சம் குழப்பத்தோடு, "போற வழியிலதான ஆச்சி வீடு? எடுத்து மாட்டிக்கிட்டாப் போச்சு" என்றாள்.

"வழிக்குப் போறதுக்கே அது வேணும்கா" என்றார் அப்பா. இவ்வளவு பொறுமையாக அவர் யாருக்கும் எதையும் விளக்கி நான் பார்த்ததில்லை.

நான் எடுத்துவர ஓடினேன். அத்தை குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "போனது திரும்பி வீட்டுக்குள்ள வரப்படாது. வந்தா போற காரியமும் திரும்பிரும். ஒன் படிப்புட்டி!" அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பஞ்சாங்கத்தைக்கூட அடுத்த வீட்டுப் பையனை வாசிக்கச் சொல்லித்தான் மனப்பாடம் பண்ணுவாள். நான் படிக்கப் போவதற்காக அவள் இவ்வளவும் செய்திருக்கிறாள் என்பது புரிந்தது. அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை. ரொம்பத் தொந்தரவாக இருந்தது.

அப்பா யோசித்தார். "அது இங்க வரப்படாதுன்னா வண்டி அங்க போகலாம்லா?" என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது என்பதை நினைத்தால் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. கையிலேயே எடுத்துவந்துவிடக்கூடிய ஒரு சாமானுக்காகத் தெருவே திரண்டு ஒரு காரைத் தள்ளியது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் தள்ளினேன். சாரலில் ரெட்டைச் சடையும் நனைந்துவிட்டது.

ஆச்சி வீட்டில் பூட்டுத் தொங்கியது.

"ஆச்சி விடியமுன்னயே குத்தாலத்துக்குக் குளிக்கப் போயாச்சே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "சீசன்லா. மத்தியானம்தான் வருவாக. சாவி மடியில இருக்கும்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். உள்ளே சாமி படத்துக்கு முன்னால் மரப் பலகையின்மேல், கமுக்கமாக, என் தாவணி மூட்டை இருந்தது. அப்பா கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தார். தோள்பட்டை வரைக்கும்தான் போயிற்று.

டீக்கடை முன்னால் பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அப்பா கையை வெளியே எடுத்தார். காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.  பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பஸ் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த காரையும், தெருவே கூடி நிற்பதையும், அப்பாவின் கைகளையும் பார்த்தார். அன்றைக்குப் பார்த்து அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

"எந்திரிக்கலவே" என்றார் அப்பா, தானாகவே. "பிள்ளைக்குப் பாளையங்கோட்டையில பத்து மணிக்கு ஜோலி. நானும் வாரேன்."

அம்மா அவருடைய சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் காரிலிருந்த சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்ததும் அத்தை டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் தயிரை வாங்கிக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "திங்கக்கிழமை சூலத்துக்குத் தயிர் குடிச்சுட்டுப் போனா தோஷமில்லட்டி" என்றாள். நான் குடித்தேன். இதை அவள் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

பஸ்ஸில் ஓர் இடம்தான் இருந்தது. அப்பா மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தார். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கூடைகளை ஏற்றினார்கள். வயசான பாட்டா ஒருவர் இறங்கி, இடம் காலியானது. "உக்காருங்கப்பா" என்றேன். "வேட்டி கரியா இருக்கு. சீட்டு அழுக்காயிரும்" என்றார். வழி முழுக்க எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. தொழுவத்தில் நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, நானும் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கார் இந்த பஸ்ஸை முந்த வேண்டிய ரோடு இது. அவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். 

கல்லூரி வாசலில் இறங்கும்போதே பத்து மணி தாண்டிவிட்டது. உள்ளே குழாய் இருந்தது. கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்றேன். "நேரமில்ல" என்று நடந்தார். எங்களை எல்லாருக்கும் கடைசியில் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் அம்மா கண்ணாடி போட்டவர், வெள்ளைக் கதர்ச் சேலை. என் மார்க்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு விண்ணப்பத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"தகப்பனார் தொழில், நிலச்சுவான்தார்."

"ஆமாம்மா" என்றார் அப்பா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்களை மாதிரி நிலபுலம் இருக்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்களைச் சேர்த்து நான் ரொம்பப் பட்டுட்டேன். படிக்கணும்னு சேர்ப்பீங்க. தை பிறந்ததும் மாப்பிள்ளை வந்தாச்சுன்னு கூட்டிட்டுப் போயிடுவீங்க. அந்த இடத்துக்குத் தவம் கிடக்கிற பிள்ளை வெளியில நிக்குது. இவளையும் பாதியில நிறுத்த மாட்டீங்கன்னு நான் எதை வச்சு நம்பறது?"

 ஆவணியும் பண்பொழியும் கண் முன்னால் வந்து நின்றன. ஊரில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அப்பா எங்கள் தாத்தாவில் ஆரம்பித்துக் குடும்பப் பெருமை பேசியிருப்பார். அன்றைக்கு அவர் பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தார். விரல் நகமெல்லாம் கரி, முழங்கை வரை எண்ணெய்ப் பிசுக்கு. இரண்டையும் அந்த மேஜைக்கு முன்னால் நீட்டினார்.

"நிலமெல்லாம் பேருக்குத்தாம்மா. நான் கார் ரிப்பேர் பாக்குத ஆளு."

நான் தரையைப் பார்த்தேன்.

பிரின்சிபால் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கைகளைப் பார்த்தார். "எந்த ஒர்க் ஷாப்?"

"வீட்டோடதாம்மா. தொழுவத்துல."

"நிறைய வண்டி வருமா?"

"இப்போதைக்கு ஒண்ணுதான் நிக்குது."

"வருமானம்?"

"ஒண்ணும் கெடையாதும்மா" என்றார் அப்பா.  "நம்ம பாடுதான் இப்பிடி. பிள்ளையாவது படிச்சு நிக்கட்டும்னு பாக்கேன்."

அந்த அம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். "ஹாஸ்டல்ல பிள்ளைகளைப் பார்க்க வர்றவங்க என்னையும் பார்த்துட்டுத்தான் போகணும். நீங்களும் வரணும்" என்றார்.

வெளியே வந்து குழாயடியில் அப்பா மண்ணைப் போட்டுக் கையைத் தேய்த்தார். நான் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கரி போகிற மாதிரித் தெரியவில்லை.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"எதும்மா பொய்?"

ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எதுவுமே பொய் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முகத்தைக் கழுவுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

"ஒவ்வொரு தடவை நீங்க வரும்போதும் அந்த அம்மா உங்க கையத்தான் பாப்பாங்க" என்றேன்.

"பாக்கட்டும்."

"பி.யு.சி. முடிச்சு, அப்புறம் பி.ஏ. எல்லாம் சேந்து நாலு வருஷம் ஆகும். அதுக்குள்ள வண்டி சரியாயிட்டா என்ன செய்வீங்க?"

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல யாரையும் விடாத மனுஷன். தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆவாதுட்டி" என்றார். "நீ படி. அது சரியாகாம நான் பாத்துக்கிடுதேன்."